கிரேக்க அம்மனுக்கு நான் வைத்த முகம்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுச் சாந்துச் சட்டி தூக்கப் போனவன் நான். சின்ன ‘ர’ வருமா பெரிய ‘ற’ வருமா என்று இன்றும் தடுமாறுவேன். இதைத் தட்டச்சு செய்கிறவர் பொறுத்துக்கொண்டு பிழைகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். எழுத்தை மட்டும் திருத்தினால் போதும். நடந்ததை அப்படியே விட்டுவிடுங்கள்.

மெல்பர்னில் நாங்கள் வேலை செய்த கோயிலின் செயலாளர் குகன் ஐயா, ஆண்டு மலருக்கு என் ஆஸ்திரேலியப் பயணத்தைப் பற்றி நான்கு பக்கம் கேட்டார். கோபுரத்தைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். கோபுரம் அங்கேயே நிற்கிறது, வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல வேண்டியது வேறொன்று.

கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து மூன்று பேர் போனோம். மூவரும் சுதை வேலைக்காரர்கள், கோபுரத்துப் பொம்மைகளைச் சிமென்டில் செய்து வர்ணம் தீட்டுகிறவர்கள். தை மாதம் கும்பாபிஷேகம் முடிந்ததும் மற்ற இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். மதில் பொம்மைகளுக்கு வர்ணம் பாக்கி இருந்ததால் நான் மட்டும் சில வாரம் தங்கினேன்.

கிரான்பர்னில் ஒரு கிரேக்கப் பெரியவர் வீட்டுத் தோட்டத்துப் பின்னறையில் எங்களுக்கு இடம். மூன்று பேர் இருந்தபோது அந்த அறையில் யார் அரிசி கழுவுவது என்று தினமும் சண்டை நடக்கும். அவர்கள் போன பிறகு பிரிட்ஜ் ஓடுகிற சத்தம் மட்டும்தான். ஊரில் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு போவதற்குள் பத்து பேர் ‘எங்க கிளம்பிட்டீங்க’ என்று கேட்பார்கள். இங்கே தெரு முழுக்க வீடு, வீட்டுக்கு இரண்டு கார், மனித முகம் கிடையாது. சாலையில் நடக்கும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும்.

பஸ்ஸில் போவதும் எனக்குக் கஷ்டம். இறங்க வேண்டுமென்றால் பொத்தானை அழுத்த வேண்டும், மணி அடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்கு ஒரு கூச்சம். வேறு யாராவது அழுத்துவார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் யாருமே அழுத்தவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடந்து வந்தேன்.

வீட்டுக்காரர் பெயர் ஸ்டாவ்ரோஸ். எண்பதை நெருங்கிய மனிதர். இளம் வயதில் கிரீஸிலிருந்து வந்து, மெல்பர்ன் வீடுகளின் கூரைக்கு உள்பக்கம் பிளாஸ்டரில் பூ வேலை செய்தே காலத்தை ஓட்டியவர். ஒரு நாள் குழாயடியில் சாந்து பூசுகிற என் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தேன். வந்து கையிலிருந்து வாங்கினார். நகத்தால் விளிம்பைச் சுண்டிப் பார்த்தார். உள்ளே போய்த் தன் கரணையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நானும் சுண்டிப் பார்த்தேன். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு எனக்கு ஒரு காப்பி வந்துவிடும். சின்னக் கிண்ணத்தில் பாதிக்கு மண்டியாக இருக்கும் காப்பி. பதிலுக்கு நான் ரசம் கொடுத்தேன். முதல் வாயில் இருமி, கண்ணில் நீர் வந்து, கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அவர் கிரேக்கத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். ஆளுக்குப் பத்து இங்கிலீஷ் வார்த்தை தெரியும், அதுவும் வேறு வேறு பத்து.

தோட்டத்து மூலையில் அவருடைய கொட்டகை. அங்கேதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். நாலடி உயரம், ஐந்தடி அகலம், வெள்ளைப் பிளாஸ்டரில் புடைப்பாகச் செய்தது. பெரிய நாற்காலியில் ஒரு தாடிக்காரர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அருகே அவர் மனைவி, முக்காட்டை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்புகிறாள்.

குகன் ஐயாவிடம் போனில் கேட்டேன். அவர் ஸ்டாவ்ரோஸின் மகள் மரியாவிடம் விசாரித்துச் சொன்னார். “அது அவையின்ர பழைய சாமிகள் ஐயா. தேவர்களுக்கு ராசா, அவற்ற மனுசி. ஏதென்ஸில ஒரு மலையில கோயில் இருக்கெல்லே, அந்தக் கோயில் சுவரில மேல சுத்திவர இருந்தது. கிழவன்ர மனிசி போன வருசம் செத்துப் போச்சு. இஞ்ச இருக்கிற அவையின்ர ஊர்ச் சனத்தின்ர மண்டபத்தில முப்பது வருசமாச் சமைச்ச மனிசி. ‘ஊரார் வீட்டுக்கெல்லாம் பூ வைச்சியே, எங்கட மண்டபத்துச் சுவர் மொட்டையா நிக்குதே’ எண்டு சாகும் வரைக்கும் சொன்னதாம். அதுக்குத்தான் செய்யிறார். ஆண்டுத் திவசத்தண்டு, ஞாயிற்றுக்கிழமை, மண்டபத்தில ஏத்தப் போயினம்.”

அந்தப் பலகையை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்கள் வேலையில் கையில் இருப்பதை வைத்துத்தான் சாமி. வேல் இருந்தால் முருகன், சங்கு இருந்தால் பெருமாள். இவர்களுக்கு இரண்டே கை, வாகனம் இல்லை, அருள் கொடுக்கிற முத்திரை இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் வரும் வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர்கள் போல இருக்கிறார்கள். அந்த அம்மா ‘கேட்டீங்களா’ என்று எதையோ ஆரம்பிக்கப் போகிறாள். சாமியை இப்படியும் செய்யலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கீழே கால் பக்கம் விரற்கடை அளவுதான் புடைப்பு. மேலே தலைப் பக்கம் அதைப்போல இரண்டு பங்கு வெளியே வருகிறது. அண்ணாந்து பார்க்கிறவனுக்காகச் செய்தது. நாங்களும் மேல் நிலைப் பொம்மைகளுக்குத் தலையைப் பெரிதாக்கி முன்னால் சாய்த்து வைப்போம். அவ்வளவு தூரத்தில், அவ்வளவு காலத்துக்கு முன்னால், சாரத்தில் நின்ற ஒருவன் இதையே நினைத்திருக்கிறான். அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு பேச்சுத்துணை கிடைத்தது போலிருந்தது.

ஆனால் அந்த அம்மாவுக்கு முகம் இல்லை. தாடிக்காரருக்கும் முகம் பாதிக்கு மேல் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை கரடுமுரடாக, உடைத்துப் போட்ட மாதிரி இருந்தது.

ஸ்டாவ்ரோஸுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. ஒரு கண் ஏற்கெனவே மங்கல். மற்றதும் எப்படி வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை என்று குகன் ஐயா சொன்னார். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் மரியா வீட்டில் இருக்க வேண்டும். போகிற அன்று தக்காளிச் செடிகளைக் காட்டி, கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார். ரப்பர் குழாய் அங்கேதான் இருக்கிறது. கிளம்பும் முன் பலகைக்கு முன்னால் நின்று அந்த அம்மாவின் முகத்தைத் தொட்டார், தன் கண்ணைத் தொட்டார், இரண்டு கையையும் விரித்தார்.

கண் தெரியாததால் முகத்தை முடிக்க முடியவில்லை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பக்கத்துச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் குத்தியிருந்தது. அதே இரண்டு சாமிகள், அதே உடைந்த முகங்கள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் திருப்பணி ஆரம்பிக்கும் முன்னால் பழுதான பொம்மைகளை எல்லாம் போட்டோ எடுப்பார்கள். மூக்கு போனது, கை போனது, எல்லாவற்றையும் எடுத்து அட்டையில் ஒட்டிச் சாரத்தடியில் மாட்டுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம். முப்பத்தைந்து வருடமாக அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தவன் நான். சுவரில் உடைந்த சாமியின் படம் இருந்தால் எனக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்.

பின்னமான சாமியை வீட்டில் வைக்கக்கூடாது. மனைவியின் திவசத்துக்கு வைப்பதா? மனிதர் தனியாக இருக்கிறார், கண் வேறு போகிறது. காப்பி கொடுத்த கைக்கு நாம் வேறு என்ன செய்ய முடியும்?

இரண்டு சாயங்காலம் வேலை செய்தேன். புதுப் பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் பழைய பூச்சைக் கொத்திவிட வேண்டும். நன்றாகக் கொத்திவிட்டேன். பிளாஸ்டர் சீக்கிரம் இறுகும், கை வேகமாகப் போக வேண்டும். அகன்ற கண், கூரான மூக்கு, கொஞ்சம் சிரிக்கிற உதடு. இடையில் நின்று யோசிக்கவே இல்லை. கண்ணுக்குள் மணி மட்டும் வைக்கவில்லை. கண் திறப்பது கடைசி வேலை, அதை நாள் பார்த்துத்தான் செய்வோம். தாடிக்காரரைச் சிட்னியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பலகைமேல் ஒரு துணியைப் போட்டு, தக்காளிக்கு வேர் ஊற நிறையத் தண்ணீர் விட்டுக் கதவைப் பூட்டினேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

சிட்னியில் வெஸ்ட்மீடில் குகன் ஐயாவின் தங்கை வதனி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வீட்டுத் தோட்டத்துப் பிள்ளையாரைப் புல் வெட்டுகிற மிஷின் இடித்துத் தும்பிக்கை போய்விட்டது. அதைச் சரிசெய்யத்தான் என்னை வரச் சொன்னார்கள். ரயிலில் பகல் முழுக்கப் பயணம். பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்காரப் பாட்டி பின்னல் ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பித்தவர், நான் இறங்கும்போது ஒரு காலுறையை முடித்திருந்தார். எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்போது அந்தக் காலுறையைத் தூக்கிக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

வதனி அம்மா நல்ல மனுஷி. “வாங்கோ அண்ணை, இருங்கோ. அம்மா ஊரிலயிருந்து போனில ஒரே ஏச்சு. உடைஞ்ச பிள்ளையாரை வீட்டில வைச்சிருக்கிறாய், உனக்கு அறிவிருக்கோ எண்டு. நீங்கள் வந்தது பெரிய நிம்மதி.” இடியப்பமும் சொதியும் வைத்தார். சொதி எனக்குப் புதிது, தேங்காய்ப் பாலில் மஞ்சளாக, காரமே இல்லாமல். ஊற்றிப் பிசைவதா தொட்டுக்கொள்வதா என்று கேட்கக் கூச்சப்பட்டு, அவர் சாப்பிடும் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்கு வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் தும்பிக்கை இல்லாத பிள்ளையாரும் மட்டும். இரண்டாம் நாள் தும்பிக்கை வந்துவிட்டது. மூன்றாம் நாள் ரயில் ஏறி ஹோம்புஷ் போய் ஒரு கடையில் தோசை சாப்பிட்டேன். பக்கத்து மேஜையில் நான்கு பிள்ளைகள், பேச்சைக் கேட்டால் தஞ்சாவூர்ப் பக்கம். “டேய், உன் ரூம்மேட் சாம்பார் வெச்சான்னு சொன்னியே, அது சாம்பாரா இல்ல பெயின்டாடா?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ‘தம்பி, எந்த ஊரு?’ என்று கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. அவர்கள் எழுந்து போனார்கள். அவர்கள் பேச்சுக்காகவே வேண்டாத இரண்டாவது தோசை வாங்கியிருந்தேன். மீதியைச் சாப்பிட்டு முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை வதனி அம்மாவுக்கு விடுமுறை. “கல்லுச் சிற்பம் எல்லாம் இருக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் அண்ணை” என்று சிட்னியில் ஒரு மியூசியத்துக்கு அழைத்துப் போனார். கிரேக்கச் சாமிகள் ஒரு கூடம் நிறைய. துணியே இல்லாத ஒருவரைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “கோயில் வேலைக்கு வந்த மனிசனுக்கு அம்மணச் சாமியைக் காட்டினனி எண்டு குகன் அண்ணா என்னை உரிச்சுப் போடுவார்.”

நான் தலைகளைப் பார்த்தேன். சில தலைகளில் வரிசையாகச் சின்னத் துளைகள். அதில் பித்தளையோ வெண்கலமோ கிரீடம் செருகியிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. துணி மடிப்பின் ஆழத்தில் ஒரு இடத்தில் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. இவர்களும் வர்ணம் பூசியவர்கள்தான், மறுபடி பூச ஆள் இல்லாமல் வெளுத்துப்போயிருக்கிறார்கள். இதை வதனி அம்மாவிடம் சொன்னேன். அவர் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஓம் அண்ணை, அதைத்தான் இதிலயும் போட்டிருக்கு!” எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அடுத்த சுவர் வரை இருந்தது.

அடுத்த சுவரில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அதே நாற்காலி, அதே முக்காடு. பிளாஸ்டரில் எடுத்த அச்சு. அந்த அம்மாவுக்கு முகம் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை அதே கரடு, மேடு பள்ளம் மாறாமல்.

“இதை ஏம்மா இன்னும் சரிபண்ணல?” என்று கேட்டேன்.

“இது எல்லாம் உடைஞ்சதுதான் அண்ணை. உடைஞ்சபடியேதான் வைச்சிருப்பினம். இது உண்மைக் கல்லின்ர கொப்பி. அந்தக் கல்லில முகம் எப்பவோ போயிட்டுதாம். எப்படி இருந்ததெண்டு ஆருக்கும் தெரியாது. தெரியாததை நாங்களா வைக்கக் கூடாதெண்டு அப்பிடியே விட்டிருக்கினம். அதைத் தொட ஒருத்தருக்கும் உரிமையில்லை.”

“நகல் எடுக்கறவங்களுமா?”

“கொப்பி செய்யிற ஆக்கள் உடைவையும் சேர்த்துத்தானே செய்வினம்?”

சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். “என்ன அண்ணை, பிரஷரோ?” என்று அவர் என் நாடியைப் பிடித்தார். இல்லைங்கம்மா, பசி என்றேன்.

வியாழக்கிழமைதான் ஸ்டாவ்ரோஸ் வீட்டுக்கு வருகிறார். புதன்கிழமை ரயிலில் போய், அவர் வரும் முன்னால் நான் வைத்த முகத்தை எடுத்துவிட்டால் போதும். இப்படி நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வதனி அம்மா கட்டிக் கொடுத்த புட்டு மடியில் இருந்தது. வெளியே காய்ந்த புல்வெளியும் ஆடும் மாறி மாறிப் போயின. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. நான் கொத்திவிட்டிருக்கிறேன். அந்தக் கரட்டில் இருந்த ஒவ்வொரு மேடும் அந்த மனிதர் படத்தைப் பார்த்துச் செய்தது. முகத்தை எடுத்தாலும் அடியில் அவருடைய வேலை இல்லை. என் உளித் தடம்தான் இருக்கும். அவருக்கோ இனிமேல் அதைச் செய்யக் கண் இல்லை.

அந்த யோசனையில் ரயில் நின்றதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பெட்டியில் நான் மட்டும். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னது காதில் விழுந்திருந்தது, எனக்கில்லை என்று விட்டுவிட்டேன். குப்பைப் பையோடு வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துப் பதறினாள். நேபாளத்துப் பெண் போல இருந்தாள். “அங்கிள், தண்டவாளத்தில் வேலை நடக்கிறது. எல்லோரும் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்!” என்று இங்கிலீஷில் சொன்னதைக் கையையும் காட்டிச் சொன்னதால் புரிந்துகொண்டேன். என் பையை அவளே தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். கடைசி பஸ் கதவை மூடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கையால் தட்டினாள். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

கிரான்பர்ன் வீட்டை அடைந்தபோது மாலை எட்டு மணிக்கு மேல். கோடைக்காலம், வெயில் இன்னும் இருந்தது. வாசலில் மரியாவின் கார் நின்றது. ஸ்டாவ்ரோஸ் பிடிவாதம் பிடித்து ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார். ஒரு கண்ணில் பிளாஸ்டிக் மூடி. என்னைப் பார்த்ததும் எழுந்து, தக்காளிச் செடிகளைக் காட்டி என் தோளைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமை வரை தூசுள்ள கொட்டகைக்குள் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு விமானம் சனிக்கிழமை சாயங்காலம். அவர் கொட்டகையைத் திறப்பது ஞாயிறு காலை. வாயைத் திறக்காமல் போய்விடலாம். அந்த நினைப்பு வந்ததை மறைக்க மாட்டேன், வந்தது. அடுத்த நாள் விடியற்காலையில் கோயிலுக்கு நடந்து போனேன்.

“என்னது? முகம் வைச்சிட்டியளோ?” என்றார் குகன் ஐயா.

“ஆமாங்க.”

“ஆரைக் கேட்டு வைச்சனீங்கள்?”

“யாரையும் கேக்கலைங்க. பின்னமா இருந்துச்சு.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். “கண் திறந்திட்டியளோ?”

“இல்லைங்க.”

“அந்தளவுக்காவது விட்டியளே. சரி, எழும்புங்கோ. போய்ச் சொல்லுவம். நீங்கள் சொல்லாமல் பிளேன் ஏறினால் பிறகு கிழவன்ர முகத்தில முழிக்க வேண்டியவன் நான்.”

கொட்டகையில் நாலு பேரும் நின்றோம். நான் துணியை விலக்கினேன். மரியா கையை உதறி உதறி இங்கிலீஷில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். குகன் ஐயா என்னிடம், “கவலைப்படுறா” என்று மட்டும் சொன்னார்.

ஸ்டாவ்ரோஸ் பலகைக்குப் பக்கத்தில் போய்க் கட்டைவிரலால் அந்த முகத்தைத் தடவினார். மூக்கு, உதடு, மோவாய். பிறகு ஏதோ கேட்டார். அது கிரேக்கத்திலிருந்து மரியாவிடம் இங்கிலீஷாகி, குகன் ஐயாவிடம் தமிழாகி என்னிடம் வந்தது. “இது ஆரெண்டு கேக்கிறார்.”

“யாரும் இல்லைங்க. நாங்க செய்யற அம்மனுக்கெல்லாம் இந்த முகம்தான். கைக்கு வேற தெரியாது.”

திரும்பிப் போன பதிலைக் கேட்டு அவர் தலையாட்டினார். மறுபடி பேசினார். இந்த முறை வந்து சேர அதிக நேரம் ஆனது.

“நல்ல வேலையாம். ஆனால் இவள் அந்த ராசா வீட்டுப் பொம்பிளை இல்லையாம்.” குகன் ஐயா சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். “அந்தப் படம் மனிசியின்ர பள்ளிக்கூடப் புத்தகத்தில இருந்து கிழிச்சது. அந்த மனிசியும் அஞ்சாம் வகுப்புத்தான் படிச்சதாம். படிச்ச ஒரே புத்தகத்தில அதுக்குப் பிடிச்ச படம். சின்ன வயசில இருந்து முகம் இல்லாமல்தான் பாத்தது. இப்ப மண்டபத்தில முகத்தோட வைச்சால், இது ஆரெண்டு அதுவே கேக்குமாம்.”

ஸ்டாவ்ரோஸ் சுவரிலிருந்து படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மரியா டாக்டர், டாக்டர் என்று கத்தினார். பேரப் பிள்ளையின் நீச்சல் கண்ணாடி ஒன்று கதவில் தொங்கியது. கிழவர் அதை எடுத்து மூடிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, ‘இப்போது சரியா?’ என்பது போல மகளைப் பார்த்தார். மரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது என்று நினைக்கிறேன், வெளியே போய்விட்டார்.

என் முகத்தைக் கொத்தி எடுத்தேன். பிறகு படத்தைப் பார்த்து அந்த உடைவைச் செய்ய ஆரம்பித்தேன். செய்ய வரவில்லை. மேடும் பள்ளமும் வைத்தால் கோபுரத்தில் கைலாச மலை செய்வது போல ஒழுங்காக வந்தது. என் கை எதையும் அழகாகச் செய்யப் பழகிய கை. ஸ்டாவ்ரோஸுக்கு ஒற்றைக் கண்ணால் ஆழம் தெரியவில்லை, அதனால் விரலால் தடவிப் பார்ப்பார். தலையை ஆட்டிக் கட்டைவிரலால் நசுக்கிவிடுவார். வியாழன் முழுக்க இப்படியே போனது. நடுவில் பச்சை பீன்ஸைத் தக்காளியில் வேகவைத்து எண்ணெய் மிதக்கக் கொண்டு வந்தார். நான் சோறு வடித்தேன். இரண்டையும் கலந்து கொட்டகையிலேயே சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை அவர் என் கையிலிருந்து கரணையைப் பிடுங்கி, ஒரு கை பிளாஸ்டரை அள்ளி அந்த இடத்தில் அப்பி, மூக்கு போல இழுத்துக் காட்டினார். பிறகு சுத்தியை எடுத்துக் காற்றில் ஒரு அடி அடித்துக் காட்டினார். புரிந்தது. உடைவைச் செய்ய முடியாது. முகத்தைச் செய்துதான் உடைக்க வேண்டும்.

சுத்தியை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை. தூரம் தெரியாத கண், அடி தவறி அந்த அம்மாவின் முக்காட்டுக் கையில் விழுந்தால் எல்லாம் போய்விடும். நான்தான் அடிக்க வேண்டும்.

நான் செய்த ஒரு முகத்தை நானே அடிப்பேன் என்று அதுவரை நினைத்ததில்லை. முதல் அடி பயந்து அடித்ததில் மூக்கு மட்டும் போனது. இரண்டாவது அடியில் முகம் மொத்தமாகச் சரிந்தது. அன்று நான்கு முகம் செய்து நான்கு முகம் உடைத்தேன். எதுவும் படத்தோடு சேரவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தாவது. நேரம் இல்லாததால் அவசரமாகச் செய்தேன். அது என் அம்மன் முகமாக இல்லை. அத்தனை முறை செய்து உடைத்ததில் கை தன் பழக்கத்தை விட்டுவிட்டது போலிருக்கிறது. கண் சின்னதாக, வாய் சற்றுத் திறந்து, முக்காட்டை விலக்கிப் புருஷனிடம் ஏதோ சொல்ல வருகிற ஒரு பெண். முப்பத்தைந்து வருடத்தில் நான் செய்த நல்ல முகம் அதுதான். ஸ்டாவ்ரோஸ் எழுந்து வந்து தடவினார். நெற்றி, கன்னம், வாய். வாயில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். நான் படம் எடுக்கக்கூட இல்லை, என் போனில் சார்ஜ் இல்லை.

பிறகு அவரே சுத்தியை எடுத்து என் கையில் வைத்தார்.

ஒரே அடி. நெற்றியிலிருந்து மோவாய் வரை சாய்வாகப் போய், கன்னத்தில் ஒரு துண்டு மட்டும் நின்றது. படத்தை அருகில் வைத்துப் பார்த்தோம். அவர் தன் கத்தியால் மூன்று இடத்தில் சுரண்டினார். விரலால் மேலிருந்து கீழே ஒருமுறை இழுத்தார். போதும் என்று கையை வீசினார். குகன் ஐயாவின் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் கடைசி வேலை கண் திறப்பது. அன்று நான் செய்த கடைசி வேலை இது. விமான நிலையத்தில் அதிகாரி என் நகங்களுக்குள் இருந்த வெள்ளையைப் பார்த்து என்ன என்று கேட்டார். “பிளாஸ்டர்” என்றேன்.

திவசத்தன்று நான் விமானத்தில் இருந்தேன். சில வாரம் கழித்துக் குகன் ஐயா போன் செய்தபோது கேட்டேன்.

“ஏத்தியாச்சு ஐயா. சனம் நிறைய வந்தது. கோதுமையை அவிச்சுச் சீனி போட்டு ஆளாளுக்குக் குடுத்தினம், நானும் சாப்பிட்டன்.”

“அந்த முகத்தைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லையே. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. பாத்திட்டுச் சாப்பிடப் போயிட்டினம். ஏன், ஏதும் சொல்லோணுமோ?”

“இல்லைங்க, யாரும் எதுவும் சொல்லாம இருந்தாத்தான் சரி” என்றேன். அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் போனை வைத்துவிட்டுச் சாரத்தில் ஏறினேன்.

ஆடி மாதம் ஏழாம் தேதி.